ஆங்கிலப் பரீட்சையிலே எழுத்தும் பேச்சும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்தப்பெற்ற உரை)

   

ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சைகளில் எழுத்துக்கும் பேச்சுக்கும் எவ்வாறு புள்ளியிடுகின்றார்கள் என்பதுபற்றிப் பேசுமாறு சங்கச் செயலாளர் என்னைப் பணித்திருக்கின்றார். திருமுறை ஓதியும் புராண படனம் செய்தும் பழகிய இந்த மண்டபத்திலே ஆங்கிலப் பரீட்சைக்கு என்ன வேலை என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். அதிலும், பேச வந்திருப்பவனோ மிஷன் பள்ளிக்கூடத்திலே படித்தவன். ஆதலால் முதலிலே அந்த ஐயத்தை நீக்கிவிட்டு மேலே செல்ல விரும்புகின்றேன்.

நமது நல்லூர் ஆறுமுக நாவலர் அவர்கள் மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலே ஆங்கிலம் கற்றவர். அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். பேர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழிலே பெயர்த்தபோது அவருக்குத் துணைநின்றவர். அவர் 1847ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31ஆந் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தமது சைவப் பிரசங்கத்தைத் தொடக்கினார். பாதிரிமாரின் பிரசங்க முறையை அருகிருந்து கண்டறிந்தவர், அதன் நன்மையை எடுத்து நம் சமயத்துக்குப் பயன்படுத்தினார். பத்து ஆண்டுகள் கழிந்து, சென்னைச் சர்வகலாசாலை 1857ஆம் ஆண்டிலே நடாத்திய முதலாவது பீ. ஏ. பரீட்சையிலே சித்தியெய்தியவர்கள் இருவர். கரோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையுமாகிய அவ்விருவரும் யாழ்ப்பாணத்தவர். வட்டுக்கோட்டைச் செமினரியிலே ஆங்கிலம் பயின்றவர்கள். அந்தத் தாமோதரம்பிள்ளையவர்களே பின்னர்த் தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்துத் தந்தார். ஆங்கிலப் பரீட்சை அவர்களைத் தமிழிலிருந்து பிரித்துவிடவில்லை. ஆகவே இந்த மேடையிலே இந்த விடயம் அந்நியமானதன்று.

இனி விடயத்துக்கு வருவோம். இன்று நமது இளைஞர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சைகள் பல. அவற்றுள் நம்மவர் வாயிலே அதிகம் அடிபடுவது ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்பதாகும். பிரிட்டிஷ் கவுன்சிலும் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த பரீட்சைப் பகுதியும் அவுஸ்திரேலியாவின் ஐ.டி.பி. என்னும் நிறுவனமும் கூட்டாக நடாத்தும் இப்பரீட்சை 1989ஆம் ஆண்டு தொடங்கியது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 9 வரை தரம் வழங்குவார்கள். இதனையே நம்மவர் "பாண்ட்" என்கின்றனர். நான்கின் சராசரியே மொத்தத் தரம். சராசரி 6.25 ஆனால் 6.5 என்றும், 6.75 ஆனால் 7 என்றும் உயர்த்திக் கொள்வர்.

கேட்டலுக்கும் வாசித்தலுக்கும் விடை சரி அல்லது பிழை. எண்ணிப் பார்த்தால் முடிந்தது. எழுத்தும் பேச்சும் அப்படியல்ல. ஒரு மனிதன் எழுதியதை இன்னொரு மனிதன் வாசித்துத் தரம் இடவேண்டும். இங்கேதான் நம் இளைஞர் இடறி விழுகின்றனர். விழுந்தபின் பரீட்சகரை நோகின்றனர். அல்லது தலைவிதியை நோகின்றனர். அவ்வாறு நொந்தவருள் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கின்றேன்.

நானும் எனது நண்பர் ஒருவரும் ஒரே மாதத்திலே இப்பரீட்சைக்குத் தோற்றினோம். நண்பர் கிராமத்துப் பாடசாலையிலே படித்தவர். நான் சிறு வயது முதலே ஆங்கில நூல்களை வாசித்தவன். பள்ளிக்கூட மேடைகளிலே ஆங்கிலத்திற் பேசிப் பரிசு பெற்றவன். எனக்குக் கேட்டலிலே 7.5, வாசித்தலிலே 7, எழுத்திலே 6, பேச்சிலே 6.5. கூட்டிப் பிரித்தால் 6.75, மொத்தம் 7. நண்பருக்குக் கேட்டல், வாசித்தல், எழுத்து மூன்றிலும் 6.5, பேச்சிலே 7. மொத்தம் 6.5. நாங்கள் விண்ணப்பித்த இடத்திலே "மொத்தம் 6.5, எந்தப் பிரிவிலும் 6.5க்குக் குறையலாகாது" என்று விதி இருந்தது. மொத்தம் 7 எடுத்த நான் வெளியே நின்றேன், 6.5 எடுத்த நண்பர் உள்ளே சென்றார்.

வீட்டிலே அம்மா இரண்டு நாள் என்னுடன் சரியாகக் கதைக்கவில்லை. பரீட்சைக் காசுக்காக அடைவு வைத்த காப்பு அப்போதும் அடைவுகடையிலேயே இருந்தது. "பரீட்சகர் அநியாயம் செய்துவிட்டார்" என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். நண்பரிடமும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "மச்சான், நீ அவருக்குப் பிரசங்கம் வைச்சனி, நான் அவரோடை கதைச்சனான்" என்றார். அந்தச் சொல் என்னைச் சுட்டது. அதன் பின்னர்தான், எல்லோரும் வாசிக்கும்படி பகிரங்கமாக வெளியிட்டிருக்கும் புள்ளியிடும் விதிகளை முதன்முறையாக எடுத்து வாசித்தேன். பரீட்சை எழுதுமுன் வாசிக்கவேண்டியதை எழுதி இழந்தபின் வாசித்தேன். அதனாற் கற்றதையே இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

எழுத்துப் பரீட்சை 60 நிமிடம். அதிலே இரண்டு வேலைகள். முதலாவதில் ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ பார்த்துக் குறைந்தது 150 சொற்களில் விவரிக்கவேண்டும். தொழில், குடியேற்றம் முதலியவற்றுக்காகப் பொதுப் பிரிவிலே தோற்றுவோர் அதற்குப் பதிலாக ஒரு கடிதம் எழுதுவர். இரண்டாவது, குறைந்தது 250 சொற்களில் ஒரு கட்டுரை. கட்டுரைக்கு முதலாவதைப்போல் இருமடங்கு மதிப்பு. ஆகவே முதலாவதுக்கு 20 நிமிடம், கட்டுரைக்கு 40 நிமிடம் என்று பிரித்துக்கொள்ளுதல் முறை. நானோ வரைபடத்திலுள்ள ஒவ்வோர் எண்ணையும் அலங்காரமாக வருணித்து அரைமணி நேரத்தைச் செலவிட்டேன். ஆயினும் மொத்தத்திலே எது ஏறியது, எது இறங்கியது என்ற சாரத்தை ஓரிடத்திலும் கூறவில்லை. பரீட்சகர் முதலிலே தேடுவதோ அந்தச் சாரத்தையே.

கட்டுரைக்கு நான்கு அளவுகோல்கள் உண்டு. நான்குக்கும் சமபங்கு, ஒவ்வொன்றும் நூற்றுக்கு 25. கேட்ட வினாவுக்கு விடை கூறியிருத்தல் ஒன்று. கருத்துக்களை ஒழுங்காக அடுக்கித் தொடர்புபடுத்தியிருத்தல் இரண்டு. சொல்வளம் மூன்று. வாக்கியங்களின் வகையும் இலக்கணச் சுத்தமும் நான்கு.

இவற்றை வாசித்தபோது எனக்கு ஒரு வியப்பு உண்டாயிற்று. இது எங்கேயோ கேட்டது போன்று இருக்கின்றதே என்று எண்ணினேன். எங்கே? நமது நன்னூலிலே! பவணந்தி முனிவர் தமது நூலின் பாயிரத்திலே ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்றும், வேண்டிய அழகுகள் பத்து என்றும் வகுத்திருக்கின்றார். நாவலர் அவர்கள் அந்நூலுக்குக் காண்டிகையுரை எழுதிப் பள்ளிப் பிள்ளைகளின் கையிலே கொடுத்தார். பவணந்தியார் பேசியது நூல் செய்வாரைப்பற்றி, பரீட்சைக் கட்டுரையைப்பற்றியன்று. ஆயினும் நல்ல எழுத்து எது என்ற கேள்விக்கு 13ஆம் நூற்றாண்டுத் தமிழரும் இக்காலத்து ஆங்கிலப் பரீட்சகரும் கூறும் விடை பெரிதும் ஒத்திருக்கின்றது.

முதலாவது அளவுகோலை எடுப்போம். "முதியோரை இல்லங்களிலே விட்டுப் பராமரிப்பது நன்று என்பர் சிலர், வீட்டிலே பிள்ளைகள்தாம் பராமரிக்கவேண்டும் என்பர் வேறு சிலர். இரு பக்கத்தையும் ஆராய்ந்து உமது கருத்தைக் கூறுக" என்று ஒரு வினா வருகின்றதென்று வைத்துக்கொள்வோம். ஒரு மாணவர் தாய் தந்தையரைப் பேணுவதன் புண்ணியத்தைப்பற்றி மனமுருக எழுதுகின்றார். முதியோர் இல்லத்தின் பக்கத்தை ஒரு வாக்கியத்தாலும் தொடவில்லை. அவரது ஆங்கிலம் சுத்தமாயிருப்பினும் முதலாவது அளவுகோலிலே அவர் கீழே இறங்குவார். ஏனெனில் வினாவின் பாதிக்கு அவர் விடை கூறவில்லை. இதுவே குன்றக்கூறல். இன்னொருவர், மேல்நாட்டு நாகரிகம் நம்மைக் கெடுத்த கதையை நான்கு பந்திகளில் விரிக்கின்றார். அது மற்றொன்று விரித்தல். மூன்றாமவர் இரு பக்கத்தையும் கூறிவிட்டுத் தமது கருத்தைக் கூறாமலே முடித்துவிடுகின்றார். இம்மூவருக்கும் கருத்தில்லாமலில்லை, வினாவை வாசிக்கப் பொறுமையில்லை. எந்தப் பக்கத்தை ஆதரித்தாலும் பரீட்சகருக்கு ஒன்றே. உமது கருத்து அவருக்கு உவப்பானதா என்பதற்குப் புள்ளி இல்லை. அது தெளிவாக உள்ளதா, காரணம் காட்டி நிறுவியிருக்கின்றீரா என்பதற்கே புள்ளி.

இரண்டாவது அளவுகோல் நன்னூலார் கூறும் முறையின் வைப்பு. ஒரு பந்திக்கு ஒரு கருத்து, அதற்குக் காரணம், அதற்கோர் உதாரணம், அதிலிருந்து அடுத்ததற்குப் படி. இதிலே நம்மவர் செய்யும் பிழை ஒன்றுண்டு. இணைப்புச் சொற்களை மனனஞ் செய்துகொண்டு வந்து, ஒவ்வொரு வாக்கியத்தின் தலையிலும் "மோரோவர்", "ஃபர்தர்மோர்" என்று ஒன்றைக் கட்டிவிடுகின்றோம். மாவிலை தோரணத்துக்கு அழகுதான். அதற்காக வீட்டு வளைகளுக்கெல்லாம் கட்டுவாருண்டோ? விதிகளிலே மிக உயர்ந்த தரத்துக்குக் கூறப்பட்டிருப்பது இதற்கு நேர்மாறானது. அத்தரத்திலே கருத்துக்கள் இணைந்திருக்கும் விதம் வாசிப்பவர் கண்ணிலே மிக அரிதாகவே படும். நல்ல தச்சன் செய்த கதவிலே பொருத்துத் தெரியாததுபோலென்று கொள்க.

மூன்றாவது சொல்வளம். என்னை வீழ்த்தியவற்றுள் இதுவும் ஒன்று. பெரிய சொற்களை வரிசையாக எழுதினால் பரீட்சகர் மலைத்துப்போவார் என்று நான் நம்பியிருந்தேன். விதிகளோ, ஒரு சொல் எந்தச் சொல்லோடு இயல்பாகச் சேரும், எந்த இடத்துக்குத் தகும் என்ற அறிவையே வேண்டுகின்றன. தமிழிலே "பலத்த மழை" என்கிறோம். "கொழுத்த வெயில்" என்கிறோம். "கொழுத்த மழை" என்று ஓர் அந்நியர் கூறினால் அவருக்குச் சொற்கள் தெரியும், சேர்க்கை தெரியாது என்று அறிந்துகொள்வோம். அகராதியிலிருந்து அடுக்கிய எனது சொற்கள் ஆங்கிலப் பரீட்சகரின் செவியிலே அவ்வாறுதான் ஒலித்திருக்கும். நன்மொழி புணர்த்தல் அழகு. பொருளின்றிச் சொற்களைக் கோத்து வெற்றெனத் தொடுத்தல் குற்றம்.

நான்காவது இலக்கணம். நன்னூலார் இதனை வழூஉச்சொற் புணர்த்தல் என்பார். தமிழரைத் தடுமாறச் செய்யும் இடங்கள் எவையென்று முன்னரே கூறிவிடலாம். ஆங்கிலத்திலே பெயருக்கு முன்னே வரும் "ஏ", "த" என்னுஞ் சிறு சொற்கள் தமிழிலே இல்லை. ஆதலால் விட்டுவிடுகின்றோம், அல்லது வேண்டாத இடத்தில் வைக்கின்றோம். படர்க்கை ஒருமை நிகழ்கால வினையின் ஈற்றிலே வரும் "ஸ்" ஒலியை மறக்கின்றோம். நமது வேற்றுமையுருபுகள் பெயருக்குப் பின்னே வருவன. அவர்களுடையவை முன்னே வருவன. ஆதலால் எதற்கு எது என்று மயங்குகின்றோம். பிழையே இருக்கலாகாது என்று விதி இல்லை. 6ஆந் தரத்திலே பிழைகள் உண்டு. ஆனால் அவை பொருளை அரிதாகவே கெடுக்கும். 7ஆந் தரத்திலே பிழையற்ற வாக்கியங்கள் அடிக்கடி வரவேண்டும். 8ஆந் தரத்திலே பெரும்பாலானவை பிழையற்றிருக்கவேண்டும். எளிய வாக்கியமும் வேண்டும். கலப்பு வாக்கியமும் வேண்டும். தப்பிவிடலாம் என்று எளிய வாக்கியங்களை மாத்திரம் எழுதுபவருக்கும் இந்த அளவுகோல் உயர்ந்த தரம் தராது.

இனிப் பேச்சைப் பார்ப்போம். ஒரு பரீட்சகரும் ஒரு பரீட்சார்த்தியும் எதிரெதிரே இருந்து 11 முதல் 14 நிமிடம் வரை உரையாடுவார்கள். அது ஒலிப்பதிவு செய்யப்படும். முதற் பகுதியிலே வீடு, படிப்பு, பொழுதுபோக்கு முதலிய எளிய வினாக்கள். இரண்டாவதிலே ஓர் அட்டையைத் தருவார். அதைப் பார்த்து 1 நிமிடம் ஆயத்தஞ் செய்து, 2 நிமிடம் வரை தொடர்ந்து பேசவேண்டும். மூன்றாவதிலே அதே பொருளையொட்டி ஆழமான வினாக்கள். பரீட்சகர் எழுதி வைத்த ஒழுங்கின்படியே வினவுவார். நேரம் முடிந்தால் பாதியிலே நிறுத்துவார். அவர் சிரிக்கவில்லையே, நிறுத்திவிட்டாரே என்று வெருளவேண்டியதில்லை. அது கோபமன்று, கடிகாரம்.

இங்கும் நான்கு அளவுகோல்கள், நான்குக்கும் சமபங்கு. தங்குதடையின்றித் தொடர்பாகப் பேசுதல், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. பேச்சிலே தயங்குதல் எல்லாம் குற்றமாகாது. என்ன கூறலாம் என்று யோசித்துத் தயங்குவது வேறு. அதற்கு ஆங்கிலச் சொல் என்னவென்று தேடித் தயங்குவது வேறு. முன்னையது அறிவுடையார் எவருக்கும் இயல்பு. பின்னையதுதான் தரத்தைக் குறைக்கும்.

உச்சரிப்பைப்பற்றி நம்மிடையே ஒரு மூடநம்பிக்கை இருக்கின்றது. வெள்ளைக்காரரைப்போல் மூக்காலே பேசினால்தான் புள்ளி வரும் என்று சிலர் நம்புகின்றனர். விதிகளிலே அப்படி ஒன்றும் இல்லை. எந்த நாட்டாரின் சாயல் இருப்பினும் குற்றமில்லை. கேட்பவருக்கு விளங்கவேண்டும் என்பதே கேள்வி. "ஃபிலிம்" என்பதைப் "பிலிம்" என்றும், "ஸ்கூல்" என்பதை "இஸ்கூல்" என்றும் கூறாதிருக்கப் பழகவேண்டும். சொல்லிலே எந்த அசை அழுத்தம் பெறும் என்பதைக் கவனிக்கவேண்டும். "ஃபோட்டோகிராஃப்" என்பதிலே முதலசை அழுத்தம் பெறும். அதன் வழிவந்த "ஃபொட்டோகிராஃபி" என்பதிலே இரண்டாம் அசை அழுத்தம் பெறும். தமிழிலே இத்தகைய அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை. ஆதலால் நாம் எல்லா அசைகளையும் ஒரே எடையிலே நிறுத்துவிடுகின்றோம். யாழ்ப்பாணத்துச் சாயலை விட்டுவிடவேண்டியதில்லை. விட்டால் போதுமானது இந்தத் தட்டையான ஓசையையே.

நண்பருக்குக் கிடைத்த அட்டை, உமது ஊரிலே நடைபெறும் ஒரு விழாவை வருணிக்குமாறு கேட்டதாம். அவர் தம் ஊர்த் தேர்த்திருவிழாவைக் கூறினார். தேர்வடத்துக்கு ஆங்கிலச் சொல் அவருக்கு வரவில்லை. நிற்கவில்லை, "ஆளின் கைமொத்தத்துக்கு இரண்டு நீண்ட கயிறுகள், அதை ஊரே பிடித்து இழுக்கும், ஒரு பக்கம் ஆண்கள், மறு பக்கம் பெண்கள்" என்று தெரிந்த சொற்களாலே விளக்கினார். தெரியாத சொல்லைத் தெரிந்த சொற்களாற் சுற்றி வந்து விளக்கும் இந்தத் திறமைக்கும் சொல்வளம் என்ற அளவுகோலிலே இடம் உண்டு. எனக்கு வந்த அட்டை, நான் சென்று பார்த்த ஓர் இடத்தைப்பற்றியது. நானோ கண்ணாற் காணாத ஒரு மேல்நாட்டு நூதனசாலையைப்பற்றி மனனஞ் செய்த பந்தியை ஒப்புவித்தேன். ஒப்புவிக்கும்போது ஆறாக ஓடியது. அடுத்த கேள்வி வந்தவுடன் வரண்டுபோயிற்று. அந்த வேறுபாட்டைக் கேட்க 14 நிமிடம் வேண்டியதில்லை.

மனனத்தைப்பற்றி ஒரு வார்த்தை. நமது சமயக் கல்வியிலே மனனம் சிறந்த முறை. தேவாரத்தைப் பாராமற் படிக்கின்றோம், அது வாழ்நாள் முழுவதும் துணைநிற்கின்றது. ஆனால் அதே பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் கேடு. சில வகுப்புகளிலே "எந்த வினாவுக்கும் பொருந்தும்" என்று சொல்லி ஆயத்தக் கட்டுரைகளை விற்கின்றார்கள். "இன்றைய நவீன யுகத்திலே" என்று தொடங்கும் அந்த முகவுரை எனக்கும் மனப்பாடமாகவே இருந்தது. விடை முழுவதும் மனனஞ் செய்தது என்று நிரூபணமானால் அதற்கு 0 என்று விதியே கூறுகின்றது. வினாத்தாளிலிருந்து அப்படியே எடுத்தெழுதிய வாக்கியங்களும் கணக்கிலே சேரா.

இதெல்லாம் நீதியான முறைதானா என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்வி. அமெரிக்காவிலே ஸ்ராச், எலியற் என்னும் இருவர் 1912ஆம் ஆண்டு ஒரே ஆங்கில விடைத்தாளைப் பல ஆசிரியர்களுக்கு அனுப்பிப் புள்ளியிடச் செய்தனர். நூற்றுக்கு 30 புள்ளிகளுக்கும் மேலான வேற்றுமை வந்தது. அடுத்த ஆண்டாகிய 1913இலே கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை தனது முதலாவது ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையை நடாத்தியது. 12 மணி நேரப் பரீட்சை; தோற்றியவர் மூவர்; மூவருமே தவறினர்! 1964ஆம் ஆண்டு அமெரிக்கர் தொடங்கிய ரோஃபெல் பரீட்சையோ, மனிதர் புள்ளியிடும் தொல்லை வேண்டாமென்று தெரிவு வினாக்களோடு தொடங்கியது. எழுத்தை 1986இலும், பேச்சை 2005இலேயே எல்லோருக்கும் பொதுவாகவும் சேர்த்தது. 1966ஆம் ஆண்டு எலிஸ் பேஜ் என்பவர் கணினியைக்கொண்டு கட்டுரைக்குப் புள்ளியிட முயன்றார். இன்று அதன் வழிவந்த இயந்திரங்கள் சில பரீட்சைகளிலே எழுத்தையும் பேச்சையும் மதிப்பிடுகின்றன. மனிதர் புள்ளியிட்டால் மனம் மாறும். இயந்திரம் புள்ளியிட்டால் மனமே இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவிலே, அளவுகோல்களை எழுதி வைத்து, அவற்றின்படி பரீட்சகரைப் பயிற்றி, அந்த விதிகளை ஊரறிய வெளியிடுவதே இதுவரை கண்ட நல்ல வழி. ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையிலே முடிவு தவறென்று எண்ணுவோர் பணம் கட்டி மீள்பரிசீலனை கேட்கலாம். தரம் மாறினால் பணம் திரும்பக் கிடைக்கும். இம்முறை குறையற்றதென்று நான் கூறமாட்டேன். அரைத் தரத்தினாலே ஒருவருடைய எதிர்காலம் வேறு திசைக்குத் திரும்புவது கொடுமையே. ஆனால் எனது தாளை நினைத்துப் பார்த்து விதிகளோடு ஒப்பிட்டபோது, எனக்கு 6 இட்ட பரீட்சகரிலே குற்றங்காண என்னால் முடியவில்லை.

பெரியோர்களே! உங்களிடம் ஒரு விண்ணப்பம். பிள்ளைகளின் இந்தத் தரத்தை அவர்களின் தரமென்று எண்ணிவிடாதீர்கள். இப்பரீட்சை ஒருவருடைய அறிவையோ ஒழுக்கத்தையோ அளப்பதன்று. ஒரு நாளிலே, ஒரு மொழியிலே, இரண்டு எழுத்து வேலைகளையும் 14 நிமிட உரையாடலையும் கொண்டு ஒருவருடைய மொழித்திறனை மதிப்பிடுகின்றது, அவ்வளவே. அதன் முடிவை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஏற்பதில்லை என்பதே பொதுவான வழக்கம். இரண்டு ஆண்டிலே காலாவதியாகும் ஓர் எண்ணுக்காகப் பிள்ளையின் மனத்தை வாழ்நாள் முழுவதும் புண்படுத்தலாமா? எனது அம்மா மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டுச் சோறு போட்டுவிட்டு, "காப்பு எங்கேயும் ஓடாது, நீ திரும்ப எழுது" என்றார். அந்தச் சொல்லைப்போல ஊக்கம் தரும் வகுப்பை நான் இன்னும் காணவில்லை.

இளைஞர்களே! உங்களிடமும் ஒரு விண்ணப்பம். ஆங்கிலம் நகரத்துப் பிள்ளைகளின் சொத்து, மிஷன் பள்ளிக்கூடத்தாரின் சொத்து என்று ஒதுங்காதீர்கள். இன்று நான் கூறிய அளவுகோல்களிலே எதிலும் பாடசாலையின் பெயருக்குப் புள்ளி இல்லை. உடுப்புக்குப் புள்ளி இல்லை. குலத்துக்குப் புள்ளி இல்லை. கேட்டதற்கு விடை கூறு, ஒழுங்காகக் கூறு, தக்க சொல்லாற் கூறு, பிழையின்றிக் கூறு, கேட்பவருக்கு விளங்கும்படி கூறு. இவ்வளவே. கோயிலிலே புராணத்துக்குப் பயன் சொல்பவர்கள் இதைத்தானே செய்கின்றனர்? பாட்டை வாசித்தவுடன், அதிலிருப்பதை விடாமல், இல்லாததைக் கூட்டாமல், முன்னாலிருக்கும் முதியவருக்கும் விளங்கும்படி தமது சொல்லாற் கூறுகின்றனர். அந்தப் பயிற்சி உடையவனுக்கு ஆங்கிலக் கட்டுரை ஒரு பூதமன்று.

ஈற்றிலே சங்கத்துக்கு ஒரு யோசனை. ஞாயிற்றுக்கிழமைகளிலே கூட்டுப் பிரார்த்தனை முடிந்தபின் இந்த மண்டபம் சும்மாதான் இருக்கின்றது. அந்த நேரத்திலே ஒரு மணித்தியாலம் ஆங்கிலப் பயிற்சி வட்டம் ஒன்றை நடாத்துவோம். ஒவ்வொருவரும் ஒரு கட்டுரை எழுதிவரட்டும். தாளின் ஓரத்திலே நான்கு நிரல்கள் கீறுவோம். எழுதியவர் தமது தாளைத் தாமே முதலில் மதிப்பிடட்டும். பின்னர் இன்னொருவர் மதிப்பிடட்டும். இருவரும் வேறுபட்டால் ஏன் என்று ஆராய்வோம். பேச்சுக்கு இருவர் இருவராக இருந்து, கடிகாரத்தை வைத்துக்கொண்டு, 2 நிமிடம் தம் ஊரைப்பற்றிப் பேசுவோம். நம்மிடையே ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்கள் இருக்கின்றார்கள். அவர்கள் வந்து திருத்துவார்களென்று நம்புகின்றேன். இதற்குக் கட்டணம் வேண்டாம். கடதாசியும் பேனையும் போதும். பரீட்சையிலே வென்ற எனது நண்பர், கடல் கடந்து செல்லுமுன் இருக்கும் வாரங்களிலே முதல் வகுப்புகளுக்குத் தாம் வருவதாக வாக்களித்திருக்கின்றார். தோற்றவனாகிய நான் அதன்பின்னும் வருவேன். ஏனெனில் நானும் திரும்ப எழுதவேண்டியிருக்கின்றது.

வென்றவரிடம் கற்பதைப் போலவே, எதனால் தோற்றோம் என்று அறிந்தவரிடமும் கற்கலாம். அந்த உரிமையோடுதான் இவ்வளவு நேரம் உங்கள் முன் நின்றேன். கூறியது கூறலும் மிகைபடக் கூறலும் எனது உரையிலே இருந்திருப்பின் நன்னூலாரும் நீங்களும் பொறுத்தருள்க.